காணியும் தோணியும்

தூர தேசத்துத் தீவுகளில் நிலம் மிக மலிவாகக் கிடைக்கின்றது என்னும் பேச்சு இக்காலத்து இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. இந்தோனேசியாவின் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளுள் ஏதேனுமொன்றில், தென்னஞ்சோலையும் வெண்மணற்கரையும் சூழ்ந்த சிற்றூரில், துண்டு நிலம் வாங்கிக் குடில் அமைத்து வாழலாகாதோ என்று வினவுவோர் நம் கலாசாலை விடுதியிலும் உளர். அவ்வினாவின் சட்டப்பகுதிக்கு விடை சுருக்கமானது. அந்நாட்டின் 1960-ஆம் ஆண்டு நிலச்சட்டம் முழுவுடைமையைத் தன் குடிகளுக்கே உரியதாக்கியுள்ளது. அயல்நாட்டார் பெறக்கூடியது குறித்த காலத்துக்கான அனுபோக உரிமையே. உள்ளூரார் ஒருவர் பெயரில் வாங்கி வைப்போரும் உண்டு. அங்ஙனம் வாங்கியவர் அப்பெயருக்குரியவரின் நல்லெண்ணத்தையன்றி வேறொன்றையும் வாங்கினாரல்லர்.

ஆயினும், வினாவைச் சட்டத்தோடு முடித்துவிடுதல் தகாது. ஒதுங்கிய தீவுக் கிராமத்தில் வாழ்க்கை எத்தகையது, ஆஸ்தி எத்தகையது, பிரயாணம் எத்தகையது என்பனவற்றை அறிய அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மொழியே வழங்கும் தீவொன்று பாக்கு நீரிணையில் இருக்கின்றது. அதுவே யாழ்ப்பாணத்தைச் சார்ந்த நெடுந்தீவு. ஜாவாவிலுள்ள பத்தாவியா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தோனேசியத் தீவுகளை ஆண்ட ஒல்லாந்தக் கம்பெனியாரே இதனையும் ஆண்டு, தம் நாட்டு நகரொன்றின் பெயரால் 'டெல்ஃப்ட்' என வழங்கினர். அப்பெயர் இன்றும் அரசாங்க ஏடுகளில் நின்று நிலவுகின்றது.

இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். 2012-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வாழ்வோர் ஏறத்தாழ நான்காயிரவர். பவளக் கற்களைச் சுண்ணமும் சேறுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்களே அங்குக் காணிகளுக்கு வேலி. பனைகள் நிரம்பிய அவ்வெளியில் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டற்றுத் திரிகின்றன. இவற்றையும், பெருக்கு மரத்தையும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் காணவே பிரயாணிகள் செல்கின்றனர். ஒரு பகற்பொழுதில் கண்டு, மாலைத் தோணியில் மீண்டு, தீவு அழகியது என்று எழுதுகின்றனர். அழகியதுதான். ஆனால் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பாதலின் குடிநீருக்கு அவ்வூரார் படும் பாட்டை மாலைத் தோணியில் மீள்பவர் அறியார்.

அம்மதில்களை உற்று நோக்குவார்க்கு மற்றொன்றும் புலனாகும். மதில் சூழ்ந்த வளவுகள் பலவற்றுள் வீடு இல்லை. வீடு உள்ளவற்றுட் சிலவற்றில் கூரை இல்லை. உரியவர்கள் எங்கே? சிலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் குடியேறினர். சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ளனர். காணி உறுதி, அதாவது நாம் பத்திரம் என்பது, அவர்தம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றது. உரிமை அழியவில்லை, வாழ்க்கைதான் பெயர்ந்துவிட்டது. இது எங்ஙனம் நேர்ந்தது?

போர் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. 1985 மே 15-ஆம் நாள், நெடுந்தீவினின்று புறப்பட்ட 'குமுதினி' என்னும் படகை நடுக்கடலில் மறித்து, அதிற் சென்றோருள் இருபதின்மருக்கு மேற்பட்டாரை வெட்டிக் கொன்றனர். கொன்றவர் கடற்படையினரே என்று உயிர் தப்பியோர் கூறினர். நிலத்தில் வாழும் நம்மனோர்க்கு ஒரு சாலையில் இடர் நேர்ந்தால் வேறு சாலை உண்டு. தீவினர்க்கோ அத்தோணியே சாலை, அதுவே சந்தை, அதுவே மருத்துவமனைக்கு வழி. தோணியில் ஏற அஞ்சிய அன்றே ஊரில் இருக்கவும் அஞ்சினர்.

இதனைக் கடற்கரையல்லாத ஊரில் வளர்ந்தவர்க்கு விளக்குதல் அரிதன்று. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே உள்ள ஐயம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கு நெசவாளன் வீட்டின் முற்பகுதியில் தறி, பின்பகுதியில் குடும்பம். பட்டு நூலும் சரிகையும் சாலை வழியே வருகின்றன. நெய்து மடித்த சேலை அதே சாலை வழியே செல்கின்றது. அச்சாலையை மட்டும் நீக்கி, வாரத்தில் சில நாட்களே, அதுவும் காற்று இசைந்தால் மட்டுமே, காஞ்சிபுரம் போகலாம் என்று வைத்துப் பாருங்கள். தறியும் இருக்கும், வீடும் இருக்கும், பட்டாவும் இருக்கும். அம்மனைக்கு யார் என்ன விலை தருவர்? ஒரு தலைமுறைக்குள் நெசவாளன் மகன் சாலையுள்ள ஊருக்குப் போய்விடுவான். நெடுந்தீவில் நிகழ்ந்தது இதுவே. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைவரை பாலமும் தெருவும் உண்டு. அப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். சோழகம் மிக்கு வீசுங்கால் அவ்வொரு மணி நேரம் ஒரு நாளாகவும் இரு நாளாகவும் நீளும்.

ஆளில்லாக் காணியின் கதி யாது என்பதையும் நோக்க வேண்டும். 2015-இல் தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,846 ஹெக்டேர், தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. தீவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இது. குதிரைகளைக் காத்தல் நன்றே. 2025 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிப்போ அத்தகையதன்று. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராதவை அரசுடைமையாகும் என்றது அது. பெரும் எதிர்ப்பு எழுந்து, உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபின் அவ்வறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. எனினும் ஒரு படிப்பினை உண்டு: கடல்கடந்து வாழ்பவன் மூன்று மாதத்தில் தன் பாட்டன் உறுதியைத் தேடி எடுத்து நிரூபித்தல் எளிதன்று.

இக்காரணத்தால், விற்றுவிடுதலே அறிவுடைமை என்பர் சிலர். எம் அபிப்பிராயம் அஃதன்று. யாழ்ப்பாணத்தார்க்குத் தேசவழமை என்னும் தொன்முறைச் சட்டம் ஒன்று உண்டு. 1707-இல் ஒல்லாந்தர் அதனைத் தொகுப்பித்தனர். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை அது பகுக்கின்றது. காணியை அயலானுக்கு விற்குமுன் கூட்டுரிமையாளர்க்கும் வாரிசுகளுக்கும் அறிவித்து, அவர் வேண்டின் அவர்க்கே கொடுக்க வேண்டும் என்பது அதன்கண் உள்ள முறை. 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை உறுதி செய்தது. இதனைப் பழங்கட்டு என்று இகழ்வோர், விடுதி கட்டுவோர் தீவுகளுக்கு வந்தபின் மீனவன் தோணி இழுத்து வைக்கக் கரையில்லாமற்போவதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆயினும் சட்டம் காணியைக் காக்குமேயன்றி ஊரைக் காவாது. ஊரைக் காப்பது தோணி. இந்தோனேசிய அரசினர் இதனை உணர்ந்து, 2015 முதல் தொலைதூரத் தீவுகளுக்குக் குறித்த நாளில் சரக்குக் கப்பல் செல்லுமாறு பொதுப் பணத்தினின்று உதவி வருகின்றனர். நெடுந்தீவுக்கென 2017-இல் 'நெடுந்தாரகை' என்னும் பயணிகள் படகு விடப்பட்டது, மகிழத்தக்கதே. ஆனால் ஒரு படகு வழியாகாது. அது பழுதுற்ற நாளில் மற்றொன்று வேண்டும். நள்ளிரவில் நோயுற்றாரை ஏற்றிச் செல்ல விரைபடகு ஒன்று எப்பொழுதும் துறையில் நிற்க வேண்டும். மறுகரையிலிருந்து வரும் ஆசிரியர்க்குத் தீவிலேயே தங்குமனை வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் சூரிய, காற்று மின்நிலையங்களை அமைக்கச் சீனமும் இந்தியாவும் போட்டியிட்டன. 2021-இல் சீனக் கம்பெனி விலக, 2024 மார்ச்சில் இந்தியப் பண உதவியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தோணிக்காக இங்ஙனம் போட்டியிட்ட வல்லரசு எதையும் யாம் கேள்வியுற்றிலேம்.

நம் கலாசாலையின் பழைய மாணவருள் யாழ்ப்பாணத்தார் பலர். தீவகத்தில் பங்குக் காணி உடையார் அவருள் இருப்பின், பிரிபடாத பங்குகளைப் பெரியோர் உயிரோடிருக்கும்போதே பிரித்து, எல்லைக்கல் நாட்டி, உறுதியைத் தம் மக்கள் பெயரில் எழுதிப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். விற்கத்தான் வேண்டுமெனின், அங்கேயே இருந்து பனையேறியும் மீன்பிடித்தும் வாழும் அயலவரிடம் முதலிற் கேட்கட்டும். விலை சிறிது குறையினும் குறையட்டும். கோயில் திருப்பணிக்குப் பொருள் சேர்க்கும் ஊர்ச்சங்கங்கள், இரண்டாவது படகின் எண்ணெய்ச் செலவுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கி, மீதியை அரசினரிடம் விடாது கேட்டுவருமாக.