பூட்டிய கைப்பேசி யாருக்குச் சொந்தம்?

முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த என் சித்தப்பா, செவிலியர் கல்லூரியில் சேர்ந்திருந்த என் அக்காளுக்கு ஒரு புதிய கைப்பேசி கொண்டுவந்தார். வீட்டில் அன்று திருவிழாதான். திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கும் உரிமை யாருக்கு என்பதிலேயே அரைமணி நேரம் கழிந்தது. கடைசியில் அக்காள் தன் பழைய போனிலிருந்த சிம்மை எடுத்துப் புதியதில் பொருத்தினாள். இந்த சிம்மை ஏற்க இயலாது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அம்மாவின் சிம்மைப் போட்டோம், அதே வரி. அப்பாவினுடையது வேறு நிறுவனம். அதற்கும் அதே வரிதான்.

மறுநாள் பேருந்து நிலையத்தருகே போன் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் ஒரு முறை பார்த்துவிட்டு, "இது லாக் போன்மா. வித்த கம்பெனிக்காரன்தான் திறக்கணும். இங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சித்தப்பாவின் முகம் வாடிப் போயிற்று.

தோழியரே, நம்மில் பலருக்கு வெளிநாட்டில் உறவினர் உண்டு. புதிய கைப்பேசி என்றால் அதன் படக்கருவி எப்படி, எத்தனை ஜிபி என்றுதான் கேட்கிறோம். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அது பேசுமா என்ற கேள்வி நம் நினைவுக்கே வருவதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுவே என்பது என் கருத்து. அதற்கு விடை சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு என்பது அதனினும் அழுத்தமான கருத்து.

பூட்டு என்பது இரும்பால் ஆனதன்று. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீண்ட எண் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. நம் நாட்டுக்கு 404, 405 என்பன. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய கைப்பேசி இந்த எண்ணைப் படித்துப் பார்த்து, தன்னை விற்ற நிறுவனத்தின் எண்ணாக இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். அலையை வாங்கும் திறன் அதற்கு இல்லாமலில்லை. திறன் இருந்தும் வேண்டாம் என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? அமெரிக்காவில் பெரும்பாலோர் கைப்பேசியைக் கடையில் முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்திடமே மாதத் தவணையில் வாங்குகிறார்கள். தவணை முடியும்வரை வாடிக்கையாளர் வேறிடம் போய்விடக்கூடாதென்று பூட்டுப் போடுகிறார்கள். சித்தப்பா வாங்கியதும் அப்படித்தான். இருபத்திரண்டு தவணை பாக்கி இருந்தது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2017-இல் ஜியோ நிறுவனம், திருப்பித் தரக்கூடிய 1500 ரூபாய் முன்பணத்துக்கு ஒரு பொத்தான் போன் கொடுத்தது. அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். ஆயினும் அதன் வழியாக முதன்முதலில் இணையத்தைக் கண்ட வீடுகள் எத்தனையோ. ஏழைக்குக் குறைந்த விலையில் ஒரு பொருள் கிடைக்கிறதென்றால், அதற்கு ஈடாகச் சில காலம் ஒரே நிறுவனத்தோடு இருக்கச் சொல்வதை முற்றிலும் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கடன் தீர்ந்த நாளிலேயே பூட்டும் தானாகத் திறந்துவிட வேண்டும். அதற்கு விண்ணப்பம் எதற்கு? அடகு வைத்த வளையலை மீட்கப் போனவளிடம், பணத்தையும் வாங்கிக்கொண்டு, மனு எழுதிக் கொடு, பார்க்கலாம் என்று சொன்னால் நாம் பொறுப்போமா?

பிற நாட்டார் சிலர் இதற்கு முடிவு கட்டிவிட்டார்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய கைப்பேசியை விற்கக்கூடாது. பிரிட்டனிலும் 2021 டிசம்பரில் அதே விதி வந்தது. அமெரிக்காவில் 2014-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது பூட்டைத் திறந்துகொள்வது குற்றமாகாது என்று சொன்னதே தவிர, பூட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலும் முழு விலை கொடுத்தே வாங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. இதன் அருமையை நாம் அறிந்தது 2018-இல். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் அந்த ஆண்டு பிப்ரவரியில் நொடித்துப் போயிற்று. டவர் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. வங்கிக் கணக்கு, எரிவாயு, ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கொடுத்திருந்தவர்கள் கடை வாசல்களில் வரிசையில் நின்றார்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருந்ததால் எண் பிழைத்தது. கருவியில் பூட்டு இல்லாததால் கருவியும் பிழைத்தது. புது சிம்மை அதே பழைய போனில் போட்டுக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அந்தப் போன்கள் பூட்டப்பட்டவையாக இருந்திருந்தால், மீன் கூடை சுமக்கும் அம்மாவும் பீடி சுற்றும் அக்காளும் எண்ணைக் காப்பாற்றப் புதுப் போனுக்கல்லவா கடன் வாங்கியிருக்க வேண்டும்? பூட்டு என்பது பணக்காரர் வீட்டுக் கவலை என்று எண்ணுவோர் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

பூட்டு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவுமில்லை. எங்கள் தாத்தாவின் பழைய வானொலிப் பெட்டியில் மத்திய அலை மட்டும் உண்டு, சிற்றலை கிடையாது. என்னதான் திருகினாலும் சிற்றலை நிலையம் அதில் கேட்காது. கைப்பேசியும் அப்படியே. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு அலைவரிசையில் இயங்குகிறது. அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தும் நிறுவனம் உண்டு. நம் நாட்டில் 2022-இல் நடந்த ஏலத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. பி.எஸ்.என்.எல். தன் 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகிறது. அவற்றுள் 700 தொலைவு செல்லும், சுவரையும் ஊடுருவும், சிற்றூர்களுக்கு ஏற்றது. அதை வாங்கும் வசதி இல்லாத போனை வைத்துக்கொண்டு, டவர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று மொட்டை மாடியில் ஏறி நின்று பயனில்லை.

இன்னொரு சிக்கல் குரல். இணையம் வருகிறது என்றால் பேச்சும் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய 2ஜியில் குரலுக்குத் தனிப்பாதை இருந்தது. 4ஜியில் அது இல்லை. குரலையும் இணையத்தின் வழியாகவே அனுப்ப வேண்டும். அதை வோல்ட்டி என்கிறார்கள். 2016-இல் ஜியோ 4ஜியை மட்டும் கொண்டு தொடங்கியபோது இந்தச் சொல் நம் ஊருக்கு வந்தது. எந்தெந்த நிறுவனத்தின் வோல்ட்டி தன்னில் இயங்கும் என்பதைக் கைப்பேசி செய்தவர்களே மென்பொருளில் எழுதி வைக்கிறார்கள். எழுதாவிட்டால் படம் ஓடும், கடிதம் வரும், அழைப்பு மட்டும் வராது. 5ஜியிலும் இதே கதை நடந்தது. 2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கிற்று. 5ஜி என்று சொல்லி விற்கப்பட்ட ஐபோன்களில் அது வேலை செய்ய, டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் புதிய மென்பொருள் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை விலை கொடுத்தவர்கள் கதியே அதுவென்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது!

இத்தனையையும் பிளஸ் டூ படிக்கும் பெண்ணும், அவளுடைய அம்மாவும் கற்றுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டுமா? பிஸ்கட் பொட்டலத்தின்மேல் அதிலுள்ள சர்க்கரையின் அளவை அச்சிடுகிறார்கள். இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டியின்மேல், இது பூட்டியதா இல்லையா, இன்னின்ன நிறுவனங்களில் பேச்சும் இணையமும் இயங்கும் என்று நான்கு வரி தமிழில் அச்சிட்டால் எவ்வளவு மை செலவாகிவிடும்? அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதுவரை, வாங்குமுன் கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒருவருக்குப் பேசிப் பாருங்கள். ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸில் 'அபவுட்' என்ற பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

எங்கள் கைப்பேசியின் கதை இன்னும் முடியவில்லை. பாக்கித் தவணைகளைச் சித்தப்பா ஒரே தடவையில் கட்டினார். அது மட்டும் போதாதாம். சில வாரங்கள் அந்த நிறுவனத்தின் அலையிலேயே இயங்கியிருக்கவும் வேண்டுமாம். ஆகவே அக்காளின் புதிய கைப்பேசி, அக்காளுக்கு முன்பாகவே இரண்டாம் முறை விமானம் ஏறிற்று. ஜூன் மாதம் தெரிந்தவர் ஒருவர் கையில் திரும்பி வந்தது. பூட்டுத் திறந்திருந்தது. சிம்மைப் போட்டதும் கம்பிகள் நிறையத் தெரிந்தன. எல்லோரும் கை தட்டினோம். தம்பி பக்கத்து அறைக்குப் போய் அக்காளின் எண்ணுக்கு அழைத்தான். அழைப்பு வரவில்லை. அக்காள் படிக்கும் இடத்தில் நன்றாக எட்டுவது அந்த ஒரு நிறுவனத்தின் டவர்தான். அதன் வோல்ட்டி அமெரிக்கப் போனின் மென்பொருளில் எழுதப்படவில்லை என்று அதே கடைக்கார அண்ணன் சொன்னார்.

அக்காள் இப்போது அதில் பாடப் படங்கள் பார்க்கிறாள்; வாட்ஸ்அப்பில் எங்களோடு பேசுகிறாள். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அதில் அது இல்லை. ஆகவே அம்மா இன்றும் மாலை ஏழு மணிக்கு விடுதிச் சிஸ்டரின் மேசைத் தொலைபேசிக்கு அழைக்கிறாள். சிஸ்டர் எடுத்து, "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லி, மாடிப்படிப் பக்கம் திரும்பி அக்காளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்தக் குரல் எங்கள் வீடுவரை கேட்கிறது.