விலை நீக்கிய சரணாகதி

‘இரட்சணிய யாத்திரிகம்’ என்றதும் தமிழாசிரியர் பலருக்கு நினைவில் எழுவது ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் தொடரே. அத்தொடரைக் கரும்பலகையில் எழுதி, அதன்கீழ் உவமைகள் நான்கும் உருவகங்கள் மூன்றும் அடுக்கிவிட்டால் பாடம் முடிந்தது என்று கருதுகின்றனர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைக் கம்பரின் நிழலில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் பெருமை என்றே அவர்கள் நம்பவும் கூடும். நான் அதனை அநீதி என்பேன். 1894இல் வெளிவந்த அக்காப்பியத்தின் உயிர் சரணாகதி. உயிரை விடுத்து அணிகலன்களை எண்ணிக்கொண்டிருப்பதா இலக்கியக் கல்வி?

சிலர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். சரணாகதி வைணவத்தின் உடைமை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த புலவர் பழைய வீட்டுச் சொத்தைப் புதுவீட்டிற்கு எடுத்துச் சென்றார், அவ்வளவே என்பர். சொல் வைணவம் தந்தது என்பதை யார் மறுத்தார்? குரங்குக்குட்டி போல் உயிர் இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டி போல் அவனே கவ்விச் செல்ல விட்டிருக்க வேண்டுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட மண்ணில் அச்சொல் கூர்மை பெற்றது. காப்பியத்தினிடையே தாம் அமைத்த பக்திப் பாடல்களுக்குச் சைவர் போற்றும் ‘தேவாரம்’ என்னும் பெயரையே இட்டவர் கிருஷ்ணபிள்ளை. கடன் பெற்றதை அவர் ஒளிக்கவில்லை. கடனாகப் பெற்ற சொல்லால் அவர் எதனைச் சொன்னார் என்பதன்றோ வினா?

மூன்றாவது ஒரு கூட்டத்தார் உளர். சரணடைதல் என்றால் முயற்சியைக் கைவிட்டுச் சும்மா இருத்தல். இளைஞருக்கு இது வேண்டாத பாடம் என்பது அவர்தம் கட்சி. இவர்கள் நூலையும் படிக்கவில்லை, அதன் மூலத்தையும் படிக்கவில்லை. ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ 1678இல் வெளிவந்தது. அதில் யாத்திரிகன் முதுகில் சுமந்து வரும் பாவமூட்டை சிலுவையடியில் அவிழ்ந்து விழுகிறது. எங்கே விழுகிறது என்று பாருங்கள். பயணத்தின் முடிவிலன்று, தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. ஏறுதற்கரிய குன்றும், அப்பொல்லியோன் என்னும் பகைவனோடு நிகழும் போரும், உடன்வந்த நண்பனை எரித்துக் கொல்லும் மாயைச் சந்தையும், நம்பிக்கையைக் குலைக்கும் அரக்கனின் சிறையும், இறுதியில் ஆழம் காணவியலாத ஆறும் அதற்குப் பின்னரே வருகின்றன. சரணடைந்தவனுக்குத்தான் வழி நீள்கிறது! இதையா சும்மா இருத்தல் என்பது?

பன்யன் இதனைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். உரிமமின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பெட்ஃபோர்டில் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்தால் வீடு திரும்பலாம். வீட்டிலோ மனைவியும் நான்கு குழந்தைகளும். மூத்த மகள் மேரி பார்வையற்றவள். அவ்வாக்கை அவர் கொடுக்கவில்லை. சிறையிலிருந்தே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்திற்கு உதவினார். 1672 வரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள்.

கிருஷ்ணபிள்ளையின் வாழ்விலும் இதற்கு ஒப்பான ஒரு கணக்கு உண்டு. 1853 முதல் சாயர்புரத்தில் தமிழாசிரியர். கிறித்தவரிடம் ஊதியம் பெற்றும் தம் சமயத்திலேயே நின்றவர். ஊதியத்திற்காக மாறுபவராயின் அன்றே மாறியிருக்கலாம். 1858இல், வாழ்க்கை வேரூன்றிவிட்ட முப்பது வயதிற்குப் பின், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பெயரின் ஈற்றில் ‘பிள்ளை’ மட்டும் நின்றுவிட்டதே என்று சுட்டுவோர் உண்டு. சுட்டட்டும், அது கேட்கத் தகுந்த கேள்வியே.

ஏனெனில், கிறித்தவத் தமிழர் வரலாற்றில் சரணாகதி சறுக்கிய இடம் அதுதான். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பக்தியை ஐயுற எனக்குத் துணிவில்லை. எனினும், சபையில் சாதி வேறுபாட்டை நீக்க மிஷனரிமார் முனைந்தபோது அதனை எதிர்த்து எழுதியவரும் அவரே. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை அறவே விட்டுவிடவேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். தெய்வத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அருகில் அமர்பவனை ஏற்க முடியவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா என்றொருவன் வருகிறான். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துக்கொண்டு, எஞ்சியதை முழுத்தொகை போலக் காணிக்கை வைத்தவன் அவன். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை இயேசு பாராட்டியதும் தொகைக்காக அன்று; மிச்சம் வைக்காமைக்காக. வேப்பேரியில் பாடப்பட்ட பாடல்களில் சொற்சுவை குறைந்திருந்ததா? மிச்சம் வைத்துக்கொண்டதே குறை.

இவற்றையெல்லாம் வகுப்பில் பேசினால் சமயப் பிரசாரம் ஆகிவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். திருவாசகத்தை உருகிக் கற்பிக்கும் கிறித்தவ ஆசிரியரும், சீறாப்புராணத்தைச் சுவைத்துக் கற்பிக்கும் இந்து ஆசிரியரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எவரையும் மதம் மாற்றவில்லை. ஒரு மனிதன் தன்னை முழுதும் ஒப்புக்கொடுக்கும்போது எதை இழக்கிறான் என்று கேட்பதற்கு மாணவன் அச்சமயத்தைச் சார்ந்தவனாக இருக்கவேண்டியதில்லை. அடுத்த தேர்வுத்தாளில் ‘இரட்சணிய யாத்திரிகத்தின் உவமை நயத்தை விளக்குக’ என்னும் வினாவிற்கு ஓராண்டு ஓய்வு கொடுங்கள். ‘மூட்டை விழுந்த பின்னும் யாத்திரிகன் ஏன் நடக்கிறான்?’ என்று கேட்டு, மாணவர் என்ன எழுதுகின்றனர் என்று பாருங்கள்.