காஸ் வண்டியின் நோவு யாருக்குத் தெரிய வேண்டும்?

காஸ் ஆட்டோ நடுரோட்டில் நின்றுவிட்டால் அன்றைய கூலி போயிற்று. வாடகை வண்டியானால், வண்டி நின்றாலும் உடைமைக்காரருக்குக் கட்ட வேண்டிய தினவாடகை நிற்காது. ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனால், திறந்து பார்ப்பதற்கு முன்பே "கிட் போச்சு, மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்டால் பதில் கிடையாது. கடன் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டு, கோளாறு இன்னதென்று தெரியாமலேயே தொழிலாளி வீடு திரும்புகிறான்.

பஞ்சாலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் படிக்கும் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். மில் கதவடைத்த பிறகு ஆட்டோ ஓட்டப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! வயலில் வேலையில்லாத மாதங்களில் டவுனுக்கு வந்து வாடகை வண்டி எடுப்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் நம் அண்ணன் தம்பிகள்தான்.

2000ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நம் நாட்டில் எல்.பி.ஜி. காஸில் வண்டி ஓட்டுவது சட்டபூர்வமாயிற்று. பெட்ரோலைவிட மலிவு என்று தொழிலாளி காஸுக்கு மாறினான். 2013ல் சர்க்கார் சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தப் பன்னிரண்டில் காஸுக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, வயிற்றுக்கு எவ்வளவு? ரிப்பேருக்கு என்று அதில் யாராவது கணக்குப் போட்டார்களா?

கோளாறைக் கண்டுபிடிப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி டாங்கில் அடைத்திருக்கிறார்கள். ரெகுலேட்டருக்கு வந்து அழுத்தம் குறைந்ததும் அது ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். ஆகவே ரெகுலேட்டருக்கு எஞ்சினிலிருந்து சூடு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதன்மேல் பனி பூத்து, வண்டி இழுக்காமல் திணறினால், சூடு போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் உள்ள வேனானால், எஞ்சின் ஆறியபின் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஒரு செம்புத் தண்ணீரில் தீரக்கூடிய நோவுக்கு ரெகுலேட்டரையே மாற்றச் சொல்வது பகற்கொள்ளை அல்லவா?

வண்டி விட்டுவிட்டு ஓடுகிறதா? காஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான தீப்பொறி வேண்டும். பெட்ரோலில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த பழைய பிளக்கும் ஒயரும் காஸில் காலை வாரிவிடும். காஸ் அதிகமாகக் குடிக்கிறதா? ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்துக் காற்று குறைந்தால் காஸ் வீணாகப் போகும். காஸோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டருக்குள் படிவதும் உண்டு. அதை வடிப்பதற்கென்றே பல ரெகுலேட்டர்களின் அடியில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

ரோட்டோர மெக்கானிக்கை நாம் குறை சொல்லவில்லை. அவரும் உழைப்பாளிதான். கம்பெனிப் புத்தகம் அவர் கைக்கும் வருவதில்லை. வந்தால் இங்கிலீஷில் வருகிறது. ஐந்தாறு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை அடுத்தவருக்குச் சொன்னால் தன் பிழைப்புப் போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். மில்லில் பழைய ஃபிட்டர்கள் சிலர் கோளாறைச் சரிசெய்யும்போது உடம்பால் மறைத்துக்கொள்வதைப் பார்த்த தோழர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

ஆனால் ரகசியத்தால் யாருக்கு லாபம்? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே செம்பு, தகரச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை நீராவி யந்திரங்கள் இறைத்தன. ஜேம்ஸ் வாட்டின் கம்பெனி பேட்டண்ட் உரிமையை வைத்துக்கொண்டு, பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கப்பமாக வாங்கிற்று. அந்த உரிமை 1800ல் காலாவதியாயிற்று. 1811ல் அங்கே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். எந்தச் சுரங்கத்து யந்திரம் எவ்வளவு கரியில் எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று மாதாமாதம் பெயர் போட்டு அச்சிட்டார்கள். ஒருவர் கண்ட வழியை அடுத்தவர் எடுத்துக்கொண்டார். 1840களுக்குள் அதே கரியில் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் இறைத்தார்கள்.

இதை நடத்தியவர்கள் தர்மவான்கள் அல்ல, சுரங்க முதலாளிமார்தான். கரி கப்பலில் வர வேண்டிய ஊர், செலவு கடித்தது. தங்கள் பணப்பை என்று வந்ததும் ரகசியம் நஷ்டம் என்று முதலாளிகளுக்கே புரிந்துவிட்டது! தொழிலாளியின் பை காலியாகும்போது மட்டும் அது "தொழில் ரகசியம்" ஆகிவிடுமா?

காஸ் வண்டியை விற்கும் ஒவ்வொரு கம்பெனியும், கோளாறு பார்க்கும் முறையைத் தமிழில் அச்சிட்டு வண்டியோடு கொடுக்க வேண்டும். இதை சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். எந்த வண்டி, என்ன தொந்தரவு, கடைசியில் கண்ட காரணம் என்ன, செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். மெக்கானிக்குகளையும் அழைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத தோழர் சொல்ல, மற்றவர் எழுதட்டும். மாதம் ஒருநாள் பக்கத்து ஸ்டாண்டு நோட்டோடு சேர்த்துப் படியுங்கள்.

சில வேலைகளில் மட்டும் நாம் கை வைக்கக்கூடாது. டாங்க், அதன் வால்வு, டாங்கிலிருந்து ரெகுலேட்டர் வரையுள்ள குழாய் ஆகியவை அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பின் வேலை. டாங்கில் 80 சதவீதத்துக்குமேல் நிரப்பச் சொல்லாதீர்கள்; வெயிலில் திரவம் விரிவதற்குத்தான் அந்த இடம். அடுப்பு சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு வண்டிக்கு ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். வறுமைதான் அதைச் செய்யத் தூண்டுகிறது, நாம் அறிவோம். ஆனால் குடிசைக்குள் ஒரு பொறி பட்டால் வண்டியோடு குடும்பமும் போய்விடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: காஸ் வாடை அடித்தால் எஞ்சினை நிறுத்து. சவாரியை இறக்கு. டாங்கின் வால்வை மூடு. பீடி, தீக்குச்சி, ஸ்விட்ச் எதையும் தொடாதே. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளு. இந்த காஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். கசிவு பார்க்க சோப்பு நுரை, நெருப்பு அல்ல.