ஓடுற லைனில் சவாரி வேண்டாம், தம்பிகளே!

தடி டயர் சைக்கிளில் கோஷ்டியாகக் கிளம்ப ஆசையா? நல்ல ஆசைதான். ஆனால் எளாவூர் தண்டவாள ஓரம் வேண்டாம். அது சென்னை - கூடூர் மெயின் லைன். ராத்திரி பகலாக ரயில் ஓடுகிறது. அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரே போய்விட்டால் அபராதம் கட்டக்கூட ஆள் இருக்காது!

செத்துப்போன பாதைதான் வேண்டுமா? இரண்டு நாள் லீவு போட்டுத் தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் விழுங்கியது. 100 பேருக்கு மேல் பலி. லைனும் அதோடு சரி.

மணலில் சாதா டயர் புதையும். 4 அங்குல டயரில் காற்றைக் குறைத்தால் ஏறி ஓடும். முன்னே ஒருத்தர், கடைசியில் ஒருத்தர், கைப்பம்பு, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கட்டாயம். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். இருட்டும் முன்னே திரும்புங்கள். கூச்சல் வேண்டாம், பல பேர் உயிரை விட்ட இடம் அது.

ரயில்வே அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: கைவிட்ட பாதைகளில் சைக்கிள் தடம் போட்டுக் கொடுத்தால், நம்ம பையன்கள் ஓடுற லைனில் ஏன் ஏறப்போறாங்க?