சொல்லின்றிக் கதை சொல்லல்

நம் கலாசாலைகளில் ஆண்டுதோறும் நிகழும் மாணவர் போட்டிகளை நோக்குமிடத்துப் பேச்சு, கட்டுரை, செய்யுள் ஆகிய மூன்றுமே முன்னிற்கக் காண்கிறோம். இம்மூன்றும் சொல்லாளுந் திறத்தை அளப்பன. இவற்றோடு, ஒரு சொல்லேனும் எழுதாது படங்களாலேயே ஒரு கதையைக் கூறும் சித்திரத்தொடர்ப் போட்டியொன்றையும் சேர்த்தல் வேண்டுமென்பது எமது கருத்து.

கேட்ட மாத்திரத்தில், "இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ?" என்பார் சிலர். அவர்க்கு ஒரு வரலாறு கூறுவாம். எரிக் ஓசர் என்னும் ஜெர்மானியச் சித்திரக்காரர் (1903–1944) நாஜிகளைப் பரிகசித்துப் படம் வரைந்தவர். 1933-இல் அன்னார் ஆட்சியைக் கைப்பற்றியபின் அவர் தம் தொழிலைச் செய்யத் தடை நேர்ந்தது. பின்னர், அரசியல் கலவாத படங்களைப் புனைபெயரில் வரையலாமென்று இசைவு கிடைக்கவே, தாம் வளர்ந்த பிளாவன் நகரின் பெயரையே பூண்டு, பெர்லின் வாரப்பத்திரிகையொன்றில் 1934 முதல் 1937 வரை 'தந்தையும் மகனும்' என்னும் தொடரை வரைந்தார். வழுக்கைத் தலையும் தடித்த மீசையுமுடைய தந்தை. குறும்பு மிக்க சிறுவன். தலைப்பொழியப் பெரும்பாலும் வேறு சொல்லில்லை. இன்றும் பிறநாட்டார் மொழிபெயர்ப்பை வேண்டாது அதனைக் கண்டு நகைத்து மகிழ்கின்றனர். ஓசரோ, தனியிடத்தே ஆட்சியாளரை இகழ்ந்து பேசியதற்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944-இல், விசாரணைக்கு முன்னரே சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பேசிய சொல் அவர் உயிரைக் கொண்டது. பேசாத படம் அவர் பெயரை வாழ்விக்கின்றது. இத்தகைய கலையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எங்ஙனம் தள்ளுவது?

இனி, இதனாற் பயன் யாதெனில், சிந்தனைத் தெளிவேயாம். "அவன் நெடுநேரம் காத்திருந்தான்" என்று எழுதுதல் எளிது. அதனையே வரையப் புகுவோன், முதற் கட்டத்தில் மரத்தின் நிழலைக் குறுக வரைந்து, அடுத்த கட்டத்தில் அதனை நீள வரைதல் வேண்டும். கட்டுரையில் "ஆகவே" என்னும் ஒரு சொல்லால் நாம் மறைத்துவிடும் இடைவெளியைப் படம் மறைக்கவொட்டாது. காரணத்தைக் காட்டினாலன்றிக் காரியம் விளங்காது. காண்போன் எதனை அறிவான், எதனை அறியான் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பார்க்கப் பழகிய மாணவன், பின்னர்க் கட்டுரை எழுதும்போதும் அப்பழக்கத்தைக் கைவிடான்.

பிறிதொரு பயனும் உண்டு. ஆங்கிலம் சரளமாய்ப் பேசுவோனும், சிற்றூர்ப் பள்ளியிற் பயின்று வந்து மேடையேற நாணுவோனும் இப்போட்டியில் ஒரே வரிசையில் நிற்பர். ஜப்பானில் 2012-இல் தொடங்கப்பெற்ற 'சைலண்ட் மங்கா ஆடிஷன்' என்னும் போட்டி, உரையாடலற்ற சித்திரக்கதைகளையே கேட்டு, பல நாட்டுச் சித்திரக்காரர்க்கும் இடமளித்தது. நாடுகளுக்கிடையே நின்ற மொழிச்சுவரைத் தாண்ட உதவிய முறை, ஒரே வகுப்பிலுள்ள இரு மாணவர்க்கிடையே நிற்கும் சுவரைத் தாண்டவும் உதவுமன்றோ?

"அழகாய் வரைவோர்க்கே பரிசில் கிட்டும், ஏனையோர்க்கு என்ன பயன்?" எனும் தடை நேரியதே. அதற்கு விடை தீர்ப்புமுறையில் உள்ளது. ஆறு கட்டங்களுக்கு மேற்படாத தொடரை, அதனை முன்னர்க் கண்டிராத மூவரிடம் தனித்தனியே காட்டி, கதையைக் கூறச் செய்க. மூவரும் ஒரே கதையைக் கூறுவராயின் வரைந்தவன் வென்றான். மூவரும் மூன்று கதை கூறின், கோடுகள் எத்துணை எழிலுடையனவாயினும் அவன் தோற்றான். குச்சி போன்ற உருவங்களை வரைவோனும் இம்முறையில் முதற்பரிசில் பெறலாம்.

சொல்லை இகழ்ந்து யாம் இவ்வாறு கூறினோமல்லேம். சொல்லை விடுத்துச் சிறிது நேரம் இருந்து பார்த்தவனே அதன் அருமையை உணர்வான். ஆதலின், ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் வரும் ஆண்டிலேயே இதனைத் தொடங்குவாராக. செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலுமே.