கந்தையின் மதிப்பு

ஆண்டுதோறும் பள்ளிகளில் நடைபெறும் கைவினைக் கண்காட்சிகளில் ‘வீண்பொருளிலிருந்து கலைப்பொருள்’ என்னும் போட்டி தவறாமல் இடம்பெறுகிறது. அதன் நோக்கம் நல்லதே. ஆனால், போட்டிக்கு முந்தைய நாள் மாலையில் எழுதுபொருள் கடைகளில் கூடும் கூட்டத்தைக் காண்பவர்க்கு ஓர் ஐயம் எழும். புதிய தெர்மாகோல் அட்டை, புதிய வண்ணத்தாள், மினுமினுப்புத் தூள், பசைக்குச்சி, பளபளக்கும் நாடா எனப் பலவற்றைப் பெற்றோர் வாங்கிச் செல்கின்றனர். ஒரேயொரு பழைய பாட்டிலைச் சுற்றி இவையனைத்தும் ஒட்டப்படுகின்றன. கண்காட்சி முடிந்த மறுநாள் பாட்டிலும் அதன்மேல் ஒட்டிய புதுப்பொருள்களும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. பாட்டில் தனியாக இருந்திருந்தால், பழைய பொருள் வாங்குபவர் அதனை எடைக்கு எடுத்துக்கொண்டிருப்பார். பசையும் தூளும் பூசியபின் அவரும் அதனைத் தொடுவதில்லை. வீணைக் குறைக்க வைத்த போட்டி, வீணைப் பெருக்கிவிடுகிறது.

இதற்கு மாணவரைக் குறைகூறுவது முறையன்று. பழையதைப் புதுக்குதல் என்பது பார்வைக்கு வைக்கும் அழகுப்பொருளைச் செய்தல் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது. இந்திய வீடுகளில் அக்கலை அலமாரியை அழகுபடுத்தத் தோன்றியது அன்று. போர்த்திக்கொள்ளவும், குழந்தையைக் கிடத்தவும், பொருளை முடிந்து எடுத்துச் செல்லவும் தோன்றியது. அதற்குப் பசை தேவைப்பட்டதில்லை. ஓர் ஊசியும் சிறிது நூலும் போதுமானவையாக இருந்தன.

பழந்துணி இரு வழிகளில் மறுவாழ்வு பெறுகிறது. அரியானா மாநிலத்தின் பானிப்பட்டு நகரில் நடைபெறுவது ஒரு வழி. வெளிநாடுகளிலிருந்து மூட்டைகளாக வரும் பழைய கம்பளி ஆடைகள் அங்கே நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. பொத்தானும் ஜிப்பும் நீக்கப்படுகின்றன. பின்னர் எந்திரத்தில் கிழிக்கப்பட்டு, இழையாகி, மீண்டும் நூலாக நூற்கப்பட்டுப் போர்வைகளாகின்றன. இது மறுசுழற்சி. கிழிக்கும்போது இழைகள் குட்டையாகிவிடுவதால் புதிய நூல் முந்தையதைவிட முரடாகவே அமையும். மற்றொரு வழி, துணியைச் சிதைக்காமல் வெட்டியும் இணைத்தும் முன்னினும் பயனுள்ள பொருளாக்குவது. இதனை ஆங்கிலத்தில் ‘அப்சைக்ளிங்’ என்பர். பெயர் புதிது, செயல் மிகப் பழையது.

வங்காளத்தின் காந்தா அதற்குச் சிறந்த சான்று. நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, நேராக ஓடும் எளிய தையலால் இணைப்பதே காந்தா. தையலுக்குரிய வண்ண நூலும் கடையில் வாங்கப்பட்டதன்று. அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுக்கப்பட்டது. அந்த ஒரே தையலைக்கொண்டு தாமரையும் மீனும் யானையும் தேரும் துணியில் எழுதப்பட்டன. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய தத் அருங்காட்சியகத்தில் இத்தகைய பழைய காந்தாக்கள் பாதுகாக்கப்படுகின்றன. ‘காந்தா’ என்பதும் தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்பதும் ‘கந்தா’ என்னும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை என்பர். ஒரு சொல் ஓரிடத்தில் கலையின் பெயராகவும் மற்றோரிடத்தில் இழிவின் பெயராகவும் நின்றுவிட்டது வியப்புக்குரியது.

வங்காளம் மட்டுமன்று. பீகாரில் சுஜனி, மகாராட்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கோர் உறவுப்பொருள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து முன்னோர் வந்த சித்தி இனத்தவர் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வை தனித்தன்மை உடையது. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவைப் போல் வைத்து முடிப்பர். பூவின்றி அப்போர்வை நிறைவு பெறுவதில்லை. குளிர் தாங்குவதற்கு அந்தப் பூ எவ்விதத்திலும் உதவாது. எனினும், கிழிந்த துணியில் தைப்பவரும் அழகை விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழர் வீட்டில் இத்தகைய பூவேலை மிகுதியாக வளரவில்லை. ஆயினும், துணியை அதன் கடைசி இழைவரை பயன்படுத்தும் அறிவு குறைவின்றி இருந்தது. பலமுறை துவைத்த பருத்திச் சேலை, புதுச்சேலையைவிட மென்மையானது. ஆதலால் அதுவே தூளியாயிற்று. பழைய வேட்டி பச்சிளங்குழந்தைக்கு விரிப்பாயிற்று. வடகம் பிழிவதற்கும் இட்டலித் தட்டில் விரிப்பதற்கும் அதுவே ஏற்றது. பின்னர் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாகி, இறுதியில் விளக்குத் திரியாக எரிந்தது. ஒரு வேட்டியின் வாழ்நாள் அதனை உடுத்தியவரோடு முடிந்துவிடவில்லை. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி தூய்மையை மட்டும் கூறுவதாகப் பலர் பொருள் கொள்வர். கசக்கும் அளவுக்குக் கந்தை மதிக்கப்பட்டது என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இவற்றைப் பொற்காலமாகப் போற்றிவிடுவதும் பிழையாகும். காந்தா தைத்த பெண் கலையார்வத்தால் மட்டும் தைக்கவில்லை. புதுப்போர்வை வாங்க வழியின்றியும் தைத்தாள். இன்று நகரக் கடைகளில் ‘காந்தா’ என விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை புதிய பட்டிலும் புதிய பருத்தியிலும் தைக்கப்பட்டவை. அதில் குற்றமில்லை, தைப்பவருக்கு உரிய கூலி கிடைக்குமாயின் அது நல்ல தொழிலே. ஆனால், புதுத்துணியில் இட்ட பழைய தையலைப் பழந்துணியின் மறுவாழ்வு என்று விளம்பரம் செய்வது பொருந்தாது. வறுமையால் பிறந்த சிக்கனத்தை வசதி வந்தபின் மறப்பது இயல்பு. வசதியோடும் அதனைக் கைக்கொள்ள முடியுமா என்பதே இக்காலத்தின் கேள்வி.

கைப்பையை எடுத்துக்கொண்டால் இக்கேள்விக்கு விடை தெளிவாகும். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. இந்தியா முழுமைக்குமான தடை 2022 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. ஒருகாலத்தில் மஞ்சப்பை ஏளனத்திற்குரியதாக இருந்தது. ஊரைவிட்டு நகரத்திற்குப் பிழைக்க வந்தவரை ‘மஞ்சப்பையோடு வந்தவர்’ என்று எள்ளுவர். திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் இட்டுக் கொடுத்த அந்தப் பைதான், மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் தொடர்வண்டி ஏறிய தமிழர் பலரின் முதற்பெட்டியாக இருந்தது. அதனை அரசே மீண்டும் அழைத்தது மகிழ்ச்சிக்குரியது.

எனினும், துணிப்பை என்றவுடன் கடைக்குச் சென்று புதிய பைகளை வாங்கிக் குவித்தல் தீர்வாகாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படும் மெல்லிய நெகிழிப்பைக்குச் சமமாக நிற்கப் புதிய பருத்திப்பை ஒன்றை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கணக்கு. பருத்தியை விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் அவ்வளவு நீரும் உரமும் மின்சாரமும் செலவாகின்றன. விழாதோறும் இலவசமாகக் கிடைத்து, கதவின் பின்னே தொங்கும் பத்துப் பைகளால் பயன் இல்லை. பழைய சட்டையிலிருந்து தைத்த பையோ இக்கணக்கைத் தொடக்கத்திலேயே வென்றுவிடுகிறது. அதன் பருத்திக்குரிய விலையை இயற்கை முன்பே கொடுத்துவிட்டது. துணிபோலத் தோன்றி, நெய்யப்படாமல் அழுத்தி ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய வண்ணப்பைகளிலும் ஏமாறலாகாது. அவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழியே.

தைப்பதற்கு முன் துணியை அறிதல் வேண்டும். பழந்துணியின் ஒரு பகுதியை இரு கட்டைவிரல்களுக்கிடையே பிடித்து இழுத்துப் பார்த்தால் அதன் வலிமை புலப்படும். எளிதில் கிழிவது பைக்கு உதவாது, தலையணைக்குள் திணிக்கலாம். நெடுநாள் மடித்து வைத்த பட்டுச்சேலை மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் கிழியும். ஆகவே அக்கோட்டைத் தவிர்த்து வெட்டுதல் நல்லது. நெய்த துணியின் வெட்டுவாய் நூல் பிரியும். அதனை மடித்தே தைக்க வேண்டும். டி-சட்டை நெய்யப்பட்டதன்று, பின்னப்பட்டது. அதனை நாடாக்களாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும். எளிதில் நூல் பிரியாது. அந்நாடாக்களைச் சடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி ஆகும். பருத்தி நீரை உறிஞ்சும். பாலியெஸ்டர் அவ்வளவாக உறிஞ்சாது. எனவே பாலியெஸ்டர் சேலையில் தைத்த கைத்துடைப்பான் அழகாகத் தொங்குமே தவிர, கையைத் துடைக்காது. கண்காட்சிகளில் பரிசு பெறும் பொருள்கள் சிலவற்றுக்கு இந்தக் குறை உண்டு.

தேய்ந்த ஜீன்ஸ் காலாடை பைக்கு மிகவும் ஏற்றது. முழங்கால் பகுதியே பெரும்பாலும் முதலில் தேயும். அதற்கு மேலுள்ள பகுதி உறுதியாகவே இருக்கும். அதனை வெட்டியெடுத்து, உட்புறத்தை வெளியே திருப்பி, அடிப்பகுதியை இரு வரிசைத் தையலிட்டு மூடிவிட்டால் பை உருவாகிவிடும். இடுப்புப் பட்டையே கைப்பிடி. சுமையின் முழு இழுப்பும் கைப்பிடி சேருமிடத்தில்தான் விழும். ஆகவே அங்கே சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்காகவும் தைப்பர். இதனைச் செய்யாத பை, முதல் முறை இரண்டு கிலோ வெங்காயம் வாங்கும்போதே சந்தையில் அறுந்துவிடும். படுக்கை விரிப்பைச் சீர்செய்தல் இதனினும் எளிது. விரிப்பு நடுவில்தான் நையும். நடுவில் நீளவாக்கில் வெட்டி, உறுதியான இரு ஓரங்களையும் நடுவே இணைத்து, நைந்த பக்கங்களை வெளியே தள்ளி மடித்துத் தைத்தால் அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இவற்றையெல்லாம் பெண்பிள்ளைகளுக்குரிய வேலை என ஒதுக்குவோர் இன்னும் உளர். நாடெங்கும் தெருமுனையில் தையல் எந்திரத்தோடு அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்களே என்பதை அவர்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லைப்புறத்தில் பணிபுரியும் படைவீரர் தம் சீருடையின் பொத்தானைத் தாமே தைத்துக்கொள்கிறார். கூலிக்காகத் தைத்தால் ஆண்தொழில், வீட்டுக்காகத் தைத்தால் பெண்வேலை என்னும் பிரிவுக்கு அறிவார்ந்த அடிப்படை எதுவும் இல்லை. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த திட்டம், கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பத்து ‘பையில்லா நாள்கள்’ வேண்டும் என்கிறது. அந்நாள்களில் உள்ளூர்க் கைவினைஞரிடம் தொழில் பழகலாம். பையில்லாத அந்நாள்களில் ஒரு பையைத் தைக்கக் கற்றால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது மணிக்கணக்கில் தைப்பானேன் என்பது நியாயமான மறுப்பே. நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால் கையால் தைத்த பை இழப்புதான். ஆனால், அம்மலிவு விலையில் பழையதை எறியும் செலவு சேர்க்கப்படவில்லை. பணியிட மாற்றம் பெறும் குடும்பங்கள் இதனை நன்கறியும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டைக் காலி செய்யும்போது, எடுத்துச் செல்லவும் முடியாமல் விட்டுச் செல்லவும் மனமில்லாமல் எஞ்சுவது துணிமூட்டையே. முன்பு எவர்சில்வர் பாத்திரத்தைத் தலையில் சுமந்துவந்து பழந்துணிக்கு மாற்றாகத் தரும் பெண்கள் தெருக்கள்தோறும் வந்தனர். அத்துணிகள் துவைக்கப்பட்டு, தைக்கப்பட்டு, தில்லி இரகுபீர் நகர் போன்ற இடங்களில் விடியற்காலையிலேயே கூடும் சந்தைகளில் விற்கப்பட்டன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிற்காவலைத் தாண்டி அப்பெண்கள் உள்ளே வருவது இப்போது குறைந்துவிட்டது. துணி குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

ஆகவே, பள்ளிப் போட்டியின் விதியை மாற்றிப் பார்க்கலாம். கடையில் வாங்கிய பொருள் நூலும் ஊசியும் தவிர வேறொன்றும் இருத்தல் கூடாது என்பது முதல் விதி. மற்றொன்று சற்றுக் கடுமையானது: கண்காட்சி நாளில் பரிசு அறிவிக்கக் கூடாது. திசம்பரில் தைத்த பையை மாணவர் நாள்தோறும் பயன்படுத்தி, கல்வியாண்டு முடியும் மார்ச்சு மாதத்தில் மீண்டும் கொண்டுவர வேண்டும். சாயம் வெளுத்திருக்கலாம், காய்கறிக் கறை படிந்திருக்கலாம், ஒரு மூலையில் புதிய ஒட்டுத் தையலும் இருக்கலாம். நடுவர் அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்த்து மதிப்பெண் இடட்டும்.