விஜயவாடாவுக்குத் தெற்கே சரக்கே இல்லையா?

சரக்கு ரயில்களுக்கென்றே போடப்படும் தனிப்பாதை மறுபடியும் நம்மைத் தொடாமல் போகிறது. 2026-27 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட புதிய பாதை மேற்கு வங்கத்தின் டங்குனியில் தொடங்கி குஜராத்தின் சூரத்தில் முடியும். கிழக்கும் மேற்கும் இணைவதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் லூதியானாவிலிருந்து இதே டங்குனிக்குப் போவதாக இருந்த பழைய கிழக்குத் தனிப்பாதை, 1,337 கிலோமீட்டர் ஓடிவந்து பிகாரின் சோன்நகரில் நின்றுவிட்டது. டங்குனியை இன்னும் எட்டவில்லை. முதல் பாதை போய்ச் சேராத ஊரிலிருந்து அடுத்த பாதை புறப்படுகிறது! வடக்குக்கு இவ்வளவு அவசரம் காட்டுகிறவர்கள் தெற்கின் சரக்கு ரயிலுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

இது தற்செயலாக விடுபட்டதல்ல. அடுத்தகட்டத் தனிப்பாதைகளுக்கென ஆய்வு செய்யப்பட்ட கோடுகளையும் பாருங்கள். கரக்பூரிலிருந்து கடலோரமாக இறங்கும் 1,115 கிலோமீட்டர் கோடு விஜயவாடாவோடு நின்றது. இடார்சியிலிருந்து நாக்பூர் வழியாக வரும் 975 கிலோமீட்டர் கோடும் அதே விஜயவாடாவில்தான் நின்றது. அங்கிருந்து சென்னை வெறும் 430 கிலோமீட்டர். சென்னை - கோவா தனிப்பாதை என்று ஒன்று ஒருகாலத்தில் பட்டியலில் இருந்தது, பட்டியலோடு சரி. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி எனக் கரை நெடுகத் துறைமுகம் வைத்திருக்கும் மாநிலம் இது. காரும் பின்னலாடையும் தோல் பொருளும் கப்பலேறும் மாநிலம். வரைபடத்தில் கோடு போடுகிறவர்களின் கண்ணுக்கு மட்டும் விஜயவாடாவுக்குக் கீழே சரக்கே தெரிவதில்லை.

ரயிலா, லாரியா என்ற கேள்வியை லாரிக்காரர்களுக்கு எதிரான வழக்காக நடத்துவதில் நமக்கு உடன்பாடில்லை. நாமக்கல்லும் சங்ககிரியும் நாடு முழுக்க லாரி ஓட்டுவது யாருடைய தயவாலும் அல்ல. லாரி வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. பத்து டன் சரக்கென்றாலும் இன்றிரவே புறப்படுகிறது. டிரைவருக்குப் போன் போட்டால் சரக்கு எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. குறைந்த தூரத்தில் ரயில் அதோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டியதில்லை.

ஆனால் தூரமும் எடையும் கூடக்கூடக் கணக்கு மாறுகிறது. 45 வேகன் கொண்ட ஒரு கன்டெய்னர் ரயில் 90 இருபதடிப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும். அதையே சாலையில் அனுப்ப 45 டிரெய்லர் லாரிகளும் 45 டிரைவர்களும் வேண்டும். டீசல் செலவும் புகையும் பல மடங்கு. சாலைத் தேய்மானம் தனி. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. 2030க்குள் இதை 45 விழுக்காடாக உயர்த்துவோம் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது. பயணிகள் வண்டிகளோடு ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டு மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஊரும் கூட்ஸ் வண்டியை நம்பி எந்த வியாபாரி சரக்கைக் கொடுப்பார்? தனிப்பாதையின் அருமை இங்கேதான் இருக்கிறது. மேற்குத் தனிப்பாதையில் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கிய ரயில்கள் உயரமான மின்கம்பிக்கு அடியில் ஓடுகின்றன. நமக்கோ ஒற்றை அடுக்குப் பெட்டிக்கே வழி கிடைப்பதில்லை.

நாடு தழுவிய தனிப்பாதையை விடுங்கள். அத்திப்பட்டு - புத்தூர் பாதைக்கு என்ன ஆயிற்று? வெறும் 88 கிலோமீட்டர். 2008-09இல் ஒப்புதல் கிடைத்தது. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தை ஒட்டிய அத்திப்பட்டிலிருந்து கிளம்பி, சென்னை நகருக்குள் நுழையாமலேயே, அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் உள்ள புத்தூரைப் போய்த் தொடுவதுதான் திட்டம். எண்ணூரில் இறங்கும் சரக்கு மேற்கே போக இதைவிடச் சுருக்கமான தீர்வு கிடையாது.

இன்று என்ன நடக்கிறது? உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. அங்கிருந்து மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போகும் ரேக், அத்திப்பட்டிலிருந்து தெற்கே திரும்பி, கொருக்குப்பேட்டை வழியாக நகருக்குள் வந்து, வியாசர்பாடி தாண்டி, அரக்கோணம் தடத்தைப் பிடிக்க வேண்டும். புறநகர் மின்சார ரயில்கள் வரிசை கட்டும் அதே வழி. காலையும் மாலையும் கூட்ட நேரத்தில் மின்சார ரயிலுக்குத்தான் முன்னுரிமை, இருக்கவும் வேண்டும். அதுவரை கூட்ஸ் வண்டி லூப் லைனில் நிற்கும். நிலக்கரிக்கே இந்தக் கதி என்றால், கப்பல் புறப்படும் நேரத்தோடு மல்லுக்கட்டும் கன்டெய்னருக்கு என்ன கதி? அது டிரெய்லரில் ஏறிவிடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலியிலும் மாதவரத்திலும் வரிசை நீள்கிறது. துறைமுக வாசல் திறக்கும்வரை டிரைவர் கேபினிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுகிறார். திருவொற்றியூர்க்காரர்கள் புழுதியைக் குடிக்கிறார்கள். இருசக்கர வாகனத்தில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் தாய் டிரெய்லர் சக்கரங்களுக்கு நடுவே வழி தேடுகிறார்.

இந்த 88 கிலோமீட்டர் பாதைக்குச் சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். கோடி விடுபடவில்லை, ஆயிரமேதான். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்டுவதற்காகப் புத்தகத்தில் எழுதிவைக்கும் தொகையாம். கல்யாண வீட்டு மொய்யாகக்கூட இதைவிட அதிகம் எழுதும் ஊர் இது.

நிலம் கிடைக்கவில்லை என்பது வழக்கமான பதில். அதைக் கேட்டுத் தலையாட்டுமுன் அதே நிலப்பரப்பில் இன்னொரு திட்டத்தையும் பார்த்துவிடுவோம். சித்தூர் - தச்சூர் ஆறுவழிச் சாலை. நீளம் 116 கிலோமீட்டர். ஏறத்தாழ அதே திசை, அதே துறைமுகங்களுக்கான அதே சரக்கு. தச்சூரிலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு எல்லை வட்டச் சாலை தனியாக வருகிறது. ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்துப் பல ஆண்டுகள் கழித்து எழுந்த திட்டம் இது. நெல் வயல் போகிறதே என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் போராடினார்கள். அந்த எதிர்ப்பையும் மீறி நிலம் எடுத்தார்கள், மண் கொட்டினார்கள், வேலை நடக்கிறது. ஆறுவழிச் சாலையைவிட ரயில் பாதைக்குக் குறைந்த அகலமே போதும். அகலமான சாலைக்குக் கிடைத்த நிலம் ஒடுங்கிய தண்டவாளத்துக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும்? கிடைக்காதது நிலமல்ல; மனம். சாலை போட்டுக் கொடுத்துவிட்டு, சரக்கெல்லாம் லாரிக்குப் போய்விட்டது, ரயிலுக்குத் தேவையே இல்லை என்று நாளை இதே அலுவலகங்கள் கோப்பில் குறிப்பு எழுதும். எழுதுகிறதா இல்லையா, பாருங்கள்.

இப்படிச் சரக்கைத் தாங்களே விரட்டிவிட்டு, சரக்கு வரவில்லை என்று சொல்வது இவர்களுக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் சின்ன ஸ்டேஷனிலும் கூட்ஸ் ஷெட் இருந்தது. நாலு மூட்டை மிளகாயையும் புக் செய்யலாம், ஒற்றை வேகனையும் கேட்கலாம். 1980களில் சில்லறைச் சரக்கு வேண்டாம் என்றார்கள். பிறகு ஒற்றை வேகனும் வேண்டாம், முழு ரேக்காகக் கொண்டுவா என்றார்கள். முழு ரேக் என்றால் இரண்டாயிரம் டன்னுக்கு மேல். விருதுநகர் மண்டிக்காரர் ஒரே நாளில் இரண்டாயிரம் டன்னுக்கு எங்கே போவார்? ஷெட்டில் சரக்கு கிடந்தால் வார்ஃபேஜ், வேகன் நின்றால் டெமரேஜ். லாரி புக்கிங் ஆபீஸ்களை வளர்த்துவிட்டது வேறு யாருமல்ல, இந்த முடிவுகள்தான். நிலக்கரி, இரும்புத்தாது, சிமென்ட், உரம் போன்ற மொத்தச் சரக்குகளே போதும் என்று உட்கார்ந்துகொண்டவர்கள், பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டையும் அந்தச் சரக்கின் தலையிலேயே கட்டினார்கள். சாலையோ இன்னொரு பக்கம் வேகமெடுத்தது. நாற்கரச் சாலைகள் வந்தன. 2017இல் சரக்கு சேவை வரியோடு எல்லைச் சோதனைச் சாவடிகள் போயின. லாரி முன்னேற முன்னேற, இவர்கள் புள்ளிவிவரம் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு 60 கிலோமீட்டர் பாதை பத்தாண்டுக்கும் மேலாகக் காகிதத்தில் கிடக்கிறது. நாட்டின் முக்கியமான கார் தொழிற்பேட்டை ஸ்ரீபெரும்புதூர். இன்றும் கார்களை லாரியில் ஏற்றி வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோய்த்தான் ரயிலில் ஏற்ற வேண்டியிருக்கிறது. குஜராத்தின் ஹன்சல்பூரில் 2024இலும் ஹரியாணாவின் மானேசரில் 2025இலும் கார் ஆலை வளாகத்துக்குள்ளேயே ரயில் வந்துவிட்டது. வாழ்த்துகள். அந்த ரயில் இருங்காட்டுக்கோட்டைக்கு வர எந்தச் சட்டம் தடுக்கிறது?

திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி பாதை வேதாரண்யம் உப்பை ஏற்றிய பாதை. 37 கிலோமீட்டரை அகலப்படுத்துவதற்குள் 2004 போய் 2023 வந்துவிட்டது. 19 ஆண்டுகள் காத்திருக்க உப்பளக்காரருக்குப் பைத்தியமா? உப்பு லாரிக்குப் பழகிவிட்டது. மதுரை - அருப்புக்கோட்டை - தூத்துக்குடி பாதையின் கதை இன்னும் விசித்திரம். 143 கிலோமீட்டரில் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் முடிந்தது. 2025 ஜனவரியில், இந்தப் பாதை வேண்டாம் என்று மாநிலமே சொல்லிவிட்டதாக ரயில்வே தரப்பில் சொன்னார்கள். மாநிலம் மறுத்தது. பிறகு, இரைச்சலில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை, சொன்னது தனுஷ்கோடிப் பாதையை என்று விளக்கம் வந்தது. ஒரு துறைமுகத்தின் ரயில் பாதை இருக்கிறதா இல்லையா என்பது காதில் விழுவதைப் பொறுத்த விஷயமா? தூத்துக்குடிக்கு இருவழிப் பாதை முடிந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அதைக் காட்டியே இன்னும் எத்தனை ஆண்டுகள் நம் வாயை அடைப்பார்கள்?

இப்போது கையில் கொடுத்திருக்கும் மிட்டாய், அதிவேக ரயில். ஹைதராபாத் - சென்னை, சென்னை - பெங்களூரு. பயணிகள் அதில் ஏறிவிட்டால் பழைய பாதையில் சரக்குக்கு இடம் கிடைக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நல்ல வாதம்தான், அந்த இடம் சரக்குக்கே என்று எவராவது எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா? வந்தே பாரத் வந்தபோது லூப் லைனில் ஒதுங்கி நின்றது கூட்ஸ் வண்டிதான். அதிவேகப் பாதை எழும்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை மும்பை - அகமதாபாத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு மனிதரை விரைந்து அனுப்பக் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது, அதே பெங்களூருக்குப் போக வேண்டிய கன்டெய்னர்மீது காட்டக் கூடாதா?

தெற்கின் சரக்குக்கென்று தெளிவான ரயில் கொள்கை ஒன்று வேண்டும். துறைமுகங்களையும் தொழிற்பேட்டைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் வேண்டும். விஜயவாடாவில் நின்ற கோடு கீழே இறங்க வேண்டும்; கிடப்பில் போட்ட பாதைகளுக்குப் பணம் என்று சொல்லத்தக்க பணம் வேண்டும். மாநில அரசும், கட்சி பேதம் பார்க்காமல் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும், நிதிநிலை அறிக்கை வந்த வாரத்தோடு இந்தக் குரலை நிறுத்திக்கொள்ளக் கூடாது. வழிகள் பல இருக்கலாம். அவற்றைத் தேட வேண்டியவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

அத்திப்பட்டு - புத்தூர் பாதையில் ஒரு கிலோமீட்டராவது தண்டவாளம் விழட்டும். அதுவரை 45 விழுக்காடு, 2030 என்ற இலக்குகளை எங்களிடம் யாரும் படித்துக்காட்ட வேண்டாம்.